விலங்கு உறுப்புகளில் அருமண் உலோகங்களின் நச்சு விளைவுகள்

அருமண் உலோகங்களின் நச்சு விளைவுகள் என்பது இலந்தனம் முதல் லியுதேத்தியம் வரையிலான பதினைந்து தனிமங்களும், அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இசுக்காண்டியம், யிற்றியம் ஆகிய இரண்டும் விலங்குகளின் உடலில் புகும்போது கல்லீரல், நுரையீரல், எலும்பு, சிறுநீரகம், இதயம், மூளை முதலிய உறுப்புகளில் உண்டாக்கும் கேடுகளைக் குறிக்கும். ஈயம், பாதரசம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இவை பொதுவாகக் குறைந்த நச்சுத்தன்மை உடையவை. எனினும் இவற்றின் நச்சுத்தன்மை எல்லாச் சூழலிலும் ஒன்றாக இருப்பதில்லை. உலோகம் எந்தச் சேர்மமாக உள்ளது, எந்த வழியாக உடலில் நுழைகிறது, நுழைந்தபின் சிறுநீரகம் அதை வெளியேற்ற வல்லதா என்பவற்றைப் பொறுத்து ஒரே தனிமம் மருந்தாகவும் நஞ்சாகவும் அமையும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கடற்கரை மணலிலேயே அருமண் கனிமம் செறிந்திருப்பதால், இத்துறை தென்னிந்தியர்களுக்கு நேரடித் தொடர்புடையது. சீரியத்துக்கும் ஓர் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற புகழ்பெற்ற ஆய்வு திருவனந்தபுரத்தில் நடைபெற்றது.

பெயரும் தனிமங்களும்

பழைய வேதியியலில் 'மண்' என்ற சொல் நீரில் கரையாத, சூட்டினால் எளிதில் மாறாத ஆக்சைடுகளைக் குறித்தது. 1787 ஆம் ஆண்டு சுவீடனில் இட்டர்பி என்ற சிற்றூரின் சுரங்கத்தில் கிடைத்த கருங்கனிமம் ஒன்றை 1794 இல் யோகான் கடோலின் பகுத்தாய்ந்து, அதில் புதிய மண் ஒன்று இருப்பதைக் காட்டினார். யிற்றியம், இட்டெர்பியம், டெர்பியம், எர்பியம் ஆகிய நான்கு தனிமங்களின் பெயர்களும் அந்த ஊரின் பெயரிலிருந்தே வந்தவை.

பெயரில் 'அரு' என்று இருந்தாலும் இவற்றுள் பல உண்மையில் அரியவை அல்ல. புவியோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உள்ளது. ஓரிடத்தில் செறிந்து கிடைப்பதும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதுமே அரிது. இவற்றுள் புரோமித்தியம் மட்டும் நிலையான ஓரிடத்தான் எதுவும் இல்லாத கதிரியக்கத் தனிமம் ஆகும்.

நச்சியலில் இவை இரு பிரிவுகளாகக் கொள்ளப்படுகின்றன:

இலகு அருமண்கள்: இலந்தனம், சீரியம், பிரசியோடைமியம், நியோடைமியம், சமாரியம் முதலியவை.

கன அருமண்கள்: டெர்பியம், டிசிப்ரோசியம், ஓல்மியம், எர்பியம், தூலியம், இட்டெர்பியம், லியுதேத்தியம் ஆகியவை. யிற்றியமும் பண்பால் இவற்றோடு சேரும்.

யூரோப்பியமும் கடோலினியமும் உடலில் இவ்விரு பிரிவுகளுக்கும் இடைப்பட்ட முறையில் நடந்துகொள்கின்றன.

தென்னிந்தியக் கரையில் அருமண்

1909 ஆம் ஆண்டு செருமானிய வேதியியலாளர் சோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். இதைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை அமைந்தது. அன்று திருவிதாங்கூரில் இருந்த இவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் மோனசைட்டை நாடியதற்குக் காரணம் அதிலிருந்த தோரியமே. எரிவளி விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது.

1950 ஆம் ஆண்டு இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 இல் கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டிலிருந்து அருமண் சேர்மங்களைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறை, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் இந்நிறுவனம் மணல் கனிமங்களைப் பிரிக்கிறது.

மோனசைட்டு ஒரு பாசுபேட்டுக் கனிமம். இந்திய மோனசைட்டில் பாதிக்கு மேற்பட்ட எடை அருமண் ஆக்சைடுகளாகும். சீரியம், இலந்தனம், நியோடைமியம் ஆகியவை அவற்றுள் மிகுதி. தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 9 விழுக்காடும், யுரேனியம் மிகச் சிறிதளவும் கலந்துள்ளன. அருமண்ணும் தோரியமும் ஒரே மணலில் சேர்ந்திருப்பதால், இரண்டின் விளைவுகளையும் பிரித்து அறிவது இத்துறையின் முதன்மையான சிக்கலாக உள்ளது.

நஞ்சாகும் விதம்

அருமண் உலோகங்கள் உடற்பாய்மங்களில் பெரும்பாலும் மும்மை நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாக உள்ளன. இவற்றின் பருமன் கால்சியம் அயனியின் பருமனுக்கு மிக நெருக்கமானது. கால்சியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 100 பிக்கோமீட்டர். இலந்தனத்துக்கு அது 103, லியுதேத்தியத்துக்கு 86. எனவே கால்சியம் அமரவேண்டிய இடங்களில் இவை அமர்ந்துகொள்கின்றன. மின்னேற்றம் கால்சியத்தைவிட ஒன்று கூடுதலாக இருப்பதால் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன.

இதனால் மூன்று வகைக் கேடுகள் நேர்கின்றன. முதலாவது, உயிரணுச் சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் அடைபடுதல். இலந்தன அயனி இவ்வாயில்களை அடைக்கும் பொருளாக உடலியங்கியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கடோலினிய அயனி இழுவிசையால் திறக்கும் அயனி வாயில்களை அடைக்கும். இரண்டாவது, கால்சியத்தைச் சார்ந்த நொதிகளின் வேலை மாறுபடுதல். மூன்றாவது, கரையாத வீழ்படிவுகள் உருவாதல். அருமண் அயனிகள் பாசுபேட்டுடன் சேர்ந்து நீரில் கரையாத சேர்மங்களைத் தருகின்றன. குருதியில் இவை நுண்துகள்களாகத் திரண்டு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு உயிரணுக்களால் உட்கொள்ளப்படுகின்றன.

சீரியத்துக்கு மட்டும் கூடுதலான ஓர் இயல்பு உண்டு. அது மும்மை, நான்மை என இரு நிலைகளுக்கிடையே எளிதில் மாறும். ஆகையால் சீரியம் ஆக்சைடு நுண்துகள்கள் சூழலைப் பொறுத்து ஆக்சிசனேற்றக் கேட்டைத் தணிக்கவும் செய்யும், தூண்டவும் செய்யும்.

உடலில் புகும் வழிகள்

வாய்வழி: முதிர்ந்த விலங்குகளின் குடல் அருமண் உலோகங்களை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உட்கொண்ட அளவில் பொதுவாக 0.1 விழுக்காட்டுக்கும் குறைவே குருதியை அடைகிறது. எஞ்சியது குடலிலுள்ள பாசுபேட்டோடு சேர்ந்து கழிவாக வெளியேறுகிறது. பால்குடிக்கும் எலிக்குட்டிகளில் நிலைமை வேறு. அவற்றின் குடற்சுவர் இன்னும் முதிராததால் சீரியத்தைப் பன்மடங்கு மிகுதியாக ஏற்றுத் தேக்குகிறது.

மூச்சுவழி: கரையாத ஆக்சைடுத் தூசு நுரையீரலின் காற்றுநுண்ணறைகளில் படிந்து மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கும். மெல்லமெல்ல அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், மிகச் சிறிதளவு கல்லீரலுக்கும் எலும்புக்கும் செல்லும்.

குருதிவழி: ஊசி மூலம் நேரடியாகக் குருதியில் செலுத்தப்படும்போதே இவ்வுலோகங்களின் முழு நச்சுத்தன்மை வெளிப்படுகிறது.

தோல்வழி: காயமற்ற தோல் நல்ல தடையாகும். கீறல் அல்லது புண் உள்ள தோலில் கரையும் உப்புகள் பட்டால் முடிச்சுப்போன்ற கட்டிகளும் சுண்ணப்படிவும் தோன்றும்.

இந்த வேறுபாட்டை எண்களில் காணலாம். ஆய்வு விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, அருமண் குளோரைடுகளை வாய்வழி கொடுக்கும்போது உடலெடையின் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 7,000 மில்லிகிராம் வரை உள்ளது. சமையல் உப்புக்கு எலிகளில் இவ்வளவு ஏறத்தாழ 3,000 மில்லிகிராம் ஆகும். அதே குளோரைடுகளை வயிற்றறைக்குள் செலுத்தினால் சில நூறு மில்லிகிராம் போதும். குருதிக்குழாயில் செலுத்தினால் அளவு இன்னும் பல மடங்கு குறையும். கடும் நச்சேற்றத்தில் எலிகள் முதுகை வளைத்துக் கால்விரல்களில் நடத்தல், தள்ளாட்டம், மூச்சுத்திணறல், சோர்வு ஆகிய அறிகுறிகளைக் காட்டுகின்றன.

உடலில் பரவல்

1950களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் பட்ரீசியா டர்பினும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்க ஓரிடத்தான்களைக் கொண்டு எலிகளின் உடலில் அருமண்கள் செல்லும் இடங்களைப் பின்தொடர்ந்தனர். இலகு அருமண்களில் பெரும்பகுதி கல்லீரலில் சேர்ந்து, பித்தநீர் வழியே சில வாரங்களில் குடலுக்குள் வெளியேறியது. கன அருமண்களில் பாதிக்கு மேல் எலும்பில் படிந்தது. மீதியில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியேறியது. எலும்பில் படிந்தது மிக மெதுவாகவே குறைந்தது. தனிம வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லச்செல்ல, சேருமிடம் கல்லீரலிலிருந்து எலும்புக்கு மாறுவது நச்சியலில் அறியப்பட்ட ஒழுங்கான போக்குகளுள் ஒன்றாகும்.

உறுப்பு வாரியான விளைவுகள்

கல்லீரல்

குருதிவழி செலுத்தப்பட்ட சீரியம், பிரசியோடைமியம் போன்ற இலகு அருமண்கள் எலிகளின் கல்லீரலில் கொழுப்பைத் திரளச் செய்கின்றன. செலுத்திய இரண்டு மூன்று நாட்களில் இது உச்சத்தை அடையும். அளவு மிகாவிட்டால் பின்னர் தானே தணியும். பெண் எலிகளில் இவ்விளைவு ஆண் எலிகளைவிடக் கடுமையானது. கன அருமண்கள் இத்தகைய கொழுப்பேற்றத்தை உண்டாக்குவதில்லை.

கடோலினியம் குளோரைடு, கல்லீரலில் குடியிருக்கும் குப்ஃபர் உயிரணுக்கள் எனப்படும் விழுங்கு உயிரணுக்களை முடக்குகிறது. இக்கேடே ஆய்வாளர்களுக்கு ஒரு கருவியாயிற்று. குறிப்பிட்ட கல்லீரல் நோயில் குப்ஃபர் உயிரணுக்களின் பங்கை அறிய, அவற்றைக் கடோலினியத்தால் முடக்கிவிட்டு ஆராயும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

மண்ணீரலும் குருதியும்

குருதியில் திரளும் நுண்துகள்களை விழுங்குவதால் மண்ணீரலிலும் படிவும் திசு அழிவும் ஏற்படும். கடோலினியம் குளோரைடு செலுத்திய எலிகளில் குருதித் தட்டுகள் குறைவதும், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களில் கனிமப் படிவு தோன்றுவதும் கண்டறியப்பட்டுள்ளன. குருதி உறைவதற்குக் கால்சியம் தேவை என்பதால் அருமண் உப்புகள் உறைதலைத் தடுக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் நியோடைமிய உப்புகள் உறைவெதிர்ப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டன. காய்ச்சல், குருதிச் சிவப்பணுச் சிதைவு போன்ற பக்கவிளைவுகளால் அவை கைவிடப்பட்டன.

நுரையீரல்

மனிதரில் அருமண் தூசினால் உண்டாகும் நுரையீரல் நோய் முதலில் கார்பன் வில் விளக்குகளுடன் வேலை செய்தவர்களிடம் அறியப்பட்டது. அவ்விளக்கின் கார்பன் குச்சிகளின் நடுவே ஒளியைக் கூட்டுவதற்காகச் சீரியம் முதலியவற்றின் புளோரைடுகள் சேர்க்கப்பட்டன. எரியும்போது எழும் புகையில் அருமண் ஆக்சைடு கலந்திருந்தது. அச்சுப்படிமம் செய்வோர், திரைப்பட ஒளிவீழ்த்திகளை இயக்குவோர், சீரியம் ஆக்சைடால் கண்ணாடியை மெருகேற்றுவோர் ஆகியோர் பாதிக்கப்பட்டனர். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களுடைய நுரையீரல் திசுவில் சீரியம் காணப்பட்டது. செனான் விளக்கு வரும்வரை தமிழகத் திரையரங்குகளிலும் கார்பன் குச்சிகளே எரிந்தன.

விலங்கு ஆய்வுகளில், 13 வாரம் சீரியம் ஆக்சைடுத் தூசை உள்ளிழுத்த எலிகளின் நுரையீரலில் மேலணித்திசுப் பெருக்கமும் நிணநீர்க் கணுக்களில் மாற்றங்களும் தோன்றின. இவ்வாய்வின் அடிப்படையில் 2009 ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பொதுமக்கள் வாழ்நாள் முழுவதும் உள்ளிழுத்தாலும் கேடு நேராது எனக் கருதத்தக்க சீரியம் ஆக்சைடு அளவைக் கனமீட்டர் காற்றுக்கு 0.0009 மில்லிகிராம் என வரையறுத்தது. சீரியம் ஆக்சைடு மீநுண்துகள்களை ஒருமுறை மூச்சுக்குழாயில் செலுத்திய எலிகளில் 28 நாட்களுக்குப்பின் நார்த்திசுப் பெருக்கம் கண்டறியப்பட்டது. இத்துகள்கள் சில நாடுகளில் டீசலுடன் சேர்க்கப்படுவதால் இம்முடிவு கவனிக்கத்தக்கது.

எலும்பு

எலும்பின் கனிமம் கால்சியம் பாசுபேட்டு ஆகும். ஆதலால் கன அருமண்களுக்கு அது இயல்பான சேமிப்பிடமாகிறது. நிலையான ஓரிடத்தான்கள் சிறிதளவு படிந்தால் வெளிப்படையான கேடு தோன்றுவதில்லை. கதிரியக்க ஓரிடத்தான்கள் படிந்தால் எலும்பு மச்சை பாதிக்கப்படும். எலும்பை நாடும் இதே இயல்பைப் பயன்படுத்தி, எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கச் சமாரியம்-153 சேர்மங்கள் மருத்துவத்தில் கொடுக்கப்படுகின்றன.

சிறுநீரகமும் தோலும்

காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டக் கடோலினியச் சேர்மங்கள் குருதியில் செலுத்தப்படுகின்றன. தனி அயனி நஞ்சு என்பதால், கரிமக் கொடுக்கிணைப்பி ஒன்றால் அது பிணைக்கப்பட்டுள்ளது. சிறுநீரகம் நன்கு இயங்குவோரில் பெரும்பகுதி ஒரே நாளில் வெளியேறிவிடும்.

1997 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் தடித்து மரக்கட்டைபோல் இறுகும் புதிய நோய் தோன்றியது. இது 2000 இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. 2006 இல் ஆசுத்திரிய மருத்துவர் தாமசு குரோப்னர் இதைக் கடோலினியச் சேர்மத்தோடு தொடர்புபடுத்தினார். சிறுநீரகம் வெளியேற்றத் தவறியதால் சேர்மம் உடலில் நெடுநேரம் தங்கி, பிணைப்பு அவிழ்ந்து கடோலினியம் விடுபட்டதே காரணம் எனக் கருதப்படுகிறது. எலிகளில் இச்சேர்மங்களைத் திரும்பத்திரும்பச் செலுத்தியபோது ஒத்த தோற்றமுள்ள தோற்புண்கள் தோன்றின. பிணைப்பு உறுதியற்ற நீள்வடிவச் சேர்மங்களிலேயே அவை ஏற்பட்டன. வளையவடிவச் சேர்மங்கள் கேடின்றி இருந்தன. 2007 இல் அமெரிக்க மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீள்வடிவச் சேர்மங்கள் பலவற்றின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. சிறுநீரகச் செயற்பாட்டைச் சோதித்த பின்னரே செலுத்தும் வழக்கம் பரவியதால் புதிய நோயாளிகள் மிக அரிதாயினர்.

மூளை

முதிர்ந்த விலங்குகளில் குருதி-மூளைத் தடை அருமண் உலோகங்களைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஆயினும் 2014 ஆம் ஆண்டு சப்பானிய மருத்துவர்கள், கடோலினியச் சேர்மம் பலமுறை பெற்றவர்களின் மூளையில் சில பகுதிகள் படத்தில் வெளிறித் தெரிவதை அறிவித்தனர். பின்னர் மனிதத் திசுவிலும் எலிகளிலும் கடோலினியம் அங்குத் தங்கியிருப்பது உறுதியானது. இதனால் நோய் எதுவும் உண்டாவதாக இதுவரை நிறுவப்படவில்லை. இலந்தனம் குளோரைடு நெடுநாள் கொடுக்கப்பட்ட இளம் எலிகள், நீரில் மறைந்துள்ள மேடையைத் தேடிக் கண்டறியும் கற்றல் சோதனையில் பின்தங்கியதைச் சீன ஆய்வுகள் காட்டுகின்றன.

இதயம்

1910 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய உடலியங்கியலாளர் சார்ச்சு ரால்ஃப் மைன்சு, தவளையின் இதயத்தில் இலந்தனம், யிற்றியம், சீரியம் ஆகியவற்றின் விளைவை ஆராய்ந்தார். இதயத் தசையின் சுருக்கம் கால்சியத்தைச் சார்ந்தது. எனவே இவ்வயனிகள் துடிப்பை வலுவிழக்கச் செய்கின்றன. உணவின் வழியே நெடுங்காலம் சேரும் சிறு அளவும் இதயத்தைக் கெடுக்குமா என்ற வினா கேரளத்தில் எழுந்தது.

கேரளத்து இதயநோயும் சீரியக் கருதுகோளும்

இதய உட்தசை நார்த்தடிப்பு என்ற நோயில் இதயக் கீழறைகளின் உட்சுவர் தடித்து இறுகி, அறைகள் விரியமுடியாமல் போகின்றன. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, நோயாளி மெலிவார். 1948 இல் உகாண்டாவில் டேவிசு என்ற மருத்துவரால் விவரிக்கப்பட்ட இந்நோய், கேரளத்தில் ஏழைக் குடும்பங்களின் சிறுவர்களையும் இளைஞர்களையும் மிகுதியாகத் தாக்கியது.

திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் இதய அறுவை மருத்துவர் மா. சங். வலியத்தான் (1934–2024), நோயியலாளர் சி. சி. கர்த்தா ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். நோயுற்ற இதயத் திசுவில் சீரியம் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் காணப்பட்டன. மோனசைட்டு கலந்த மண்ணில் விளையும் மரவள்ளி போன்ற கிழங்குகள் சீரியத்தை ஏற்கின்றன. குமரி மாவட்டத்தில் மரச்சீனி எனப்படும் இக்கிழங்கு ஏழைகளின் அன்றாட உணவாக இருந்தது. சத்துக்குறைவால் மக்னீசியம் குறைந்த உடலில் சீரியம் தங்கி, இதயத்தில் நார்த்திசுவைத் தூண்டுகிறது என்பதே அவர்களின் கருத்து.

இதைச் சோதிக்க எலிகளுக்கு மக்னீசியம் குறைத்துச் சீரியம் சேர்த்த உணவு கொடுக்கப்பட்டது. அவற்றின் திசுக்களில் சீரியம் மிகுதியாகத் தங்கியது. இதயத்தில் புண்களும் தோன்றின. வளர்ப்புக் கலத்தில் வைத்த இதய நார் உயிரணுக்களில் சிறு அளவு சீரியம் கொலாசன் ஆக்கத்தைக் கூட்டியது. மிகுந்த அளவு அதைக் குறைத்தது. நஞ்சு கூடக்கூடக் கேடும் கூடும் என்ற எளிய கணக்கு இங்குப் பொருந்தவில்லை.

எனினும் கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை. குடற்புழுக்களால் குருதியில் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகுதல், நோய்த்தொற்று, வறுமையால் வரும் புரதக்குறைவு ஆகியனவும் காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன. 1990கள் முதல் கேரளத்தில் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. கரை மணலில் மோனசைட்டு அப்படியே இருக்க நோய் மட்டும் குறைந்தது என்பது, மண்ணிலுள்ள சீரியம் ஒன்றே காரணமாக இருக்கமுடியாது என்பதைக் காட்டுகிறது. உணவும் வாழ்க்கை வசதியும் மேம்பட்டதை இக்குறைவோடு பலரும் தொடர்புபடுத்துகின்றனர். இது கருதுகோளின் மறுபாதியாகிய சத்துக்குறைவுக்கு முரணானதன்று.

தோரியத்தைப் பிரித்தறிதல்

மோனசைட்டு மணல் உள்ள ஊர்களில் நோய்களைப் பற்றிப் பேசும்போது அருமண் உலோகத்தின் வேதி நச்சும் தோரியத்தின் கதிரியக்கமும் பெரும்பாலும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இவை வெவ்வேறானவை. நிலையான சீரியமும் இலந்தனமும் உயிரணுவின் வேதிவினைகளைக் கெடுக்கின்றன. தோரியமும் அதன் சிதைவுப் பொருட்களும் கதிர்வீச்சால் மரபணுப் பொருளைத் தாக்குகின்றன.

1960களில் பிரித்தானிய மரபியலாளர் ஆன்சு குரூனபெர்க்கும் குழுவினரும் கேரளத்தின் மோனசைட்டுக் கரையில் வாழும் கருப்பு எலிகளைப் பிடித்து, அவற்றின் எலும்புகளையும் பற்களையும் மணல் இல்லாத பகுதி எலிகளோடு ஒப்பிட்டனர். 1966 இல் வெளியான அறிக்கையின்படி, மணலில் வாழ்ந்ததால் விளைந்தது எனத் தெளிவாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. மக்களிடையே, திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைப் பின்தொடர்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடியதற்கேற்பப் புற்றுநோய் கூடவில்லை.

இயற்கையில் கிடக்கும் மணலுக்கும், அதை உடைத்துக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சும் கழிவுக்கும் வேறுபாடு உண்டு. மோனசைட்டுக்குள் பூட்டப்பட்டுள்ள தோரியம் நீரில் கரைவதில்லை. அமிலத்தாலோ காரத்தாலோ கனிமம் உடைக்கப்பட்டபின் அது தனியே வெளிப்படுகிறது. மலேசியாவில் தமிழர்களும் வாழும் பேராக் மாநிலத்து ஈப்போ நகரருகே, புக்கிட் மேரா என்ற ஊரில் 1982 முதல் இயங்கிய அருமண் ஆலையின் தோரியக் கழிவு குறித்து ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். குருதிப்புற்று, பிறவிக்குறை ஆகியன பற்றிய அச்சம் அவர்களை வழக்குக்குத் தூண்டியது. 1992 இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993 இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994 இல் ஆலை மூடப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 இல் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் தூசின் அளவு, தோரியத்தின் அளவு, நிலத்தடி நீரில் கரைந்துள்ள அருமண் அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்தால்தான் கேட்டின் தன்மையை அறிய முடியும்.

நீர்வாழ் விலங்குகளும் கால்நடைத் தீவனமும்

1996 இல் மைக்கேல் பாவு, பீட்டர் துல்சுக்கி ஆகியோர் செருமானிய ஆறுகளில் இயற்கைக்கு மீறிய கடோலினியம் இருப்பதைக் கண்டனர். நோயாளிகளின் சிறுநீர் வழியே வெளியேறிய படமெடுப்புச் சேர்மம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கடந்து ஆற்றை அடைந்திருந்தது. ரைன் ஆற்றில் வினையூக்கி ஆலையின் கழிவால் இலந்தனம் மிகுந்திருந்ததும் பின்னர் தெரியவந்தது. மீன் முட்டைக் கருக்களிலும் நீர்ப்பூச்சிகளிலும் கரைந்த அருமண் அயனிகள் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மென்னீரில் இக்கேடு மிகுதி. கடின நீரிலுள்ள கால்சியமும் பாசுபேட்டும் கேட்டைக் குறைக்கின்றன.

இதற்கு மாறாக, சீனாவில் 1980கள் முதல் பன்றி, கோழி ஆகியவற்றின் தீவனத்தில் சிறிதளவு அருமண் உப்புகள் வளர்ச்சியைத் தூண்டுவதற்காகச் சேர்க்கப்பட்டு வருகின்றன. குடலில் உறிஞ்சப்படாமலே அங்குள்ள நுண்ணுயிர்களை மாற்றி இவை பயன் தருவதாக ஒரு விளக்கம் உண்டு.

மருந்தாகப் பயன்படுதல்

1854 இல் எடின்பரோ மருத்துவர் சேம்சு யங் சிம்சன் கருவுற்ற பெண்களின் வாந்திக்குச் சீரியம் ஆக்சலேட்டைப் பரிந்துரைத்தார். குடலில் உறிஞ்சப்படாததால் அது பெருங்கேடின்றிப் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. தீக்காயத்துக்கான பூச்சுகளில் சீரியம் நைத்திரேட்டு சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகளின் குருதியில் மிகும் பாசுபேட்டைக் குறைக்க இலந்தனம் கார்பனேட்டு மாத்திரை 2004 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குடலிலேயே பாசுபேட்டைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. எனினும் நெடுநாள் உண்டோரின் இரைப்பைச் சவ்வில் இலந்தனப் படிவு காணப்பட்டுள்ளது. சிறுநீரகம் கெட்ட எலிகளின் கல்லீரலில் அது நலமான எலிகளைவிட மிகுதியாகச் சேர்கிறது.

தடுப்பும் சிகிச்சையும்

அரைத்தல், மெருகேற்றல், உலர்த்தல் போன்ற வேலைகளில் தூசு எழாமல் ஈரமாக வைத்தலும், காற்றை உறிஞ்சி வடிகட்டலும், முகக்கவசம் அணிதலும் முதன்மையான தடுப்பு முறைகளாகும். கரையும் அருமண் உப்புகள் குருதியில் புகுந்துவிட்டால், டீ.டீ.பி.ஏ. என்னும் கொடுக்கிணைப்பியைச் செலுத்தி அவற்றைச் சிறுநீரில் வெளியேற்றலாம். உலோகம் கல்லீரலிலும் எலும்பிலும் படியும் முன்னர், முதல் சில மணிநேரத்தில் கொடுத்தால்தான் இது நன்கு பயன்படும். எலும்பில் படிந்துவிட்ட கன அருமண்ணை அகற்ற எளிய முறை எதுவும் இல்லை.

ஆய்வு முடிவுகளைப் பொருள்கொள்ளல்

அருமண் நச்சியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை குருதியிலோ வயிற்றறையிலோ மிகுந்த அளவில் குளோரைடு உப்புகளைச் செலுத்திச் செய்யப்பட்டவை. கடற்கரை ஊர்களில் மக்களும் கால்நடைகளும் எதிர்கொள்வதோ கரையாத பாசுபேட்டுத் தூசும், உணவில் வரும் மிகச் சிறு அளவுமாகும். ஆகவே ஆய்வக எலியின் கல்லீரலில் கண்டதை அப்படியே ஊர்மக்களுக்குப் பொருத்துவது தவறாகும். வாய்வழி நச்சு குறைவு என்பதைக்கொண்டு எல்லாச் சூழலிலும் தீங்கில்லை எனக் கூறுவதும் அதேபோல் தவறாகும். பால்குடிப் பருவம், மக்னீசியக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் பொதுவான பாதுகாப்புத் தடைகள் தளர்வதை மேற்கூறிய ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பாதுகாப்பு அளவுகளை வகுக்கும்போது நலமான முதிர்ந்த உடலை மட்டும் கருதாமல், குழந்தைகளையும் சத்துக்குறைவு உடையோரையும் சிறுநீரக நோயாளிகளையும் கருத்திற்கொள்வது இன்றியமையாததாகும்.